குரல்: ஊர்

முதலில் அநியாயம் செய்தவன் எதுவார். அவனுக்குப் பின்னால் நிறையப் பேர் வந்து சேர்ந்தார்கள், சிரித்த கிளாரிஸ், பார்த்தும் பாராதவனாகப் போன கிடார்க்காரன், பேப்பரில் பெரிதாக எழுதிய கண்ணாடிக்காரர், விடுப்பா விடுப்பா என்று சொல்லியே தலை நரைத்துப்போன சொந்த மகள், ஆனாலும் எல்லாருக்கும் முன்னால் நிற்பவன் எதுவார்தான், எதுவார் செல்வநாதன், அவன் தொடங்கி வைக்காமல் இருந்திருந்தால் மற்றவர்களுக்கு இதில் என்ன வேலை, என்று கலியவரதன் தனக்குள் இன்னொரு முறை தீர்ப்புச் சொல்லிக்கொண்டு தெட்சணாவின் சலூன் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்தார். தலை சாய்ந்ததும் கண்ணாடி மறைந்து கூரை வந்தது, கூரையில் மின்விசிறி, அதில் ஒரு இறக்கை மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் எதையோ உரசி டக் என்றது. தெட்சணா கழுத்தில் துண்டைச் சுற்றிச் செருகினான். தாடி ஒன்றும் பெரிதாக வளர்ந்துவிடவில்லை, அது தெட்சணாவுக்கும் தெரியும், ஆனாலும் அவன் கேட்கவில்லை, நுரையைக் குழைத்துக்கொண்டே காதோரம் குனிந்து, இன்னிக்கு வந்துட்டுதாமேண்ணே அவங்க பாட்டு, என்று மட்டும் சொன்னான். வந்துவிட்டது. ஈரச்சுவர் என்று பேர் வைத்துக்கொண்ட அந்தக் கூட்டம் இத்தனை வருஷம் பிரிந்து கிடந்துவிட்டு மறுபடி ஒன்று கூடி ஒரு ஆல்பம் போட்டிருக்கிறது, அதற்குத் தாமதம் என்று பேர், கடற்கரைச் சாலையில் ஆள் உயரத்துக்குத் தட்டி வைத்திருக்கிறார்கள், அதில் எதுவாரின் முகம், முகத்தில் பாதி இருட்டு. கலியவரதனிடம் இருக்கும் போனில் பேச மட்டும்தான் முடியும். மகளிடம் கேட்டால் விடுப்பா என்பாள். சலூனில் ஸ்பீக்கர் இருக்கிறது, அந்த ரொசாரியோ பையன் கட்டாயம் போடுவான், அதைத்தான் நம்பி வந்தார். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அதில் தன் குரல் இருக்கிறதா, இருந்தால் அது யாருடையது என்று இந்தத் தடவையாவது எதுவார் சொல்லியிருக்கிறானா. அவன் வாயால், நாலு பேர் கேட்க, கலியவரதன் என்று. காசு வேண்டாம். சால்வை வேண்டாம். அந்தப் பேர் அவன் வாயிலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான், அவ்வளவுக்காக ஒரு மனுஷன் இத்தனை வருஷம் காத்திருக்கக் கூடாது, ஆனால் காத்திருந்தாயிற்று.

நுரை சில்லென்று தாடையில் ஏறியது. சுவரோரப் பெஞ்சில் ரொசாரியோ உட்கார்ந்திருந்தான், கடற்கரையில் ஏதோ காப்பிக்கடையில் வேலை, காதுக்கு மேலே முடியைச் சுத்தமாக வழித்துவிட்டு உச்சியில் மட்டும் வளர்த்திருப்பான், அதையே இன்னும் கொஞ்சம் வழிக்கத்தான் வந்திருக்கிறான். அவன் பக்கத்தில் தனக்கோட்டி, ஆட்டோவை வெளியே நிழலில் விட்டுவிட்டுப் பேப்பரோடு உட்கார்ந்தவன், அவனுக்கு முடி வெட்டவும் வேண்டாம் மழிக்கவும் வேண்டாம், விசிறிக் காற்றும் யாரையாவது கிண்டல் செய்ய ஒரு வாய்ப்பும் கிடைத்தால் போதும். போடறேன்ண்ணா, முழுசா கேக்கணும், நடுவுல பேசக் கூடாது, என்று ரொசாரியோ போனைத் தடவினான். அலமாரி மேலிருந்த ஸ்பீக்கரில் முதலில் ஒன்றும் வரவில்லை, அப்புறம் பழைய இசைத்தட்டில் ஊசி உரசுகிற சரசரப்பு, மழை தொடங்குவதற்கு முன் கூரையில் மணல் விழுவது மாதிரி. அந்தச் சத்தம் கலியவரதனுக்குத் தெரியும். அது அவருடைய கோடவுனில் பிறந்த சத்தம்.

அப்போது அவர் நெல்லித்தோப்பில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் தேர், கட்சிக் கூட்டம், சாவு, எதற்கும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் மரத்தில் ஏறும். எதுவார் ஒருநாள் வந்து நின்றான், பாரீசில் படித்துவிட்டு வந்தவன், ஒல்லி, பேச்சில் பாதி பிரெஞ்சு, கையில் ஒரு பெட்டி, பெட்டி மேலே ரப்பர் சதுரங்கள், சதுரத்தை விரலால் அழுத்தினால் அதற்குள் பிடித்து வைத்த சத்தம் திரும்ப வரும். டிரிப்-ஹாப் என்று ஒரு இசையாம், தாளம் மெதுவாகப் போகும், தூக்கத்தில் நடக்கிறவன் அடி எடுத்து வைப்பது போல, அதன் மேலே யாராவது புகை விடுவது மாதிரிப் பாடுவார்கள். அதற்கு உங்க குழாய்ல வர்ற கரகரப்பு வேணும், என்றான். என்னங்க, அவன் கேட்டது கரகரப்பைத்தான், அதைப் போக்கத்தான் கலியவரதன் பாதி வாழ்க்கை ஸ்பானரோடு மல்லுக்கட்டினார். கோடவுனில் இடம் கொடுத்தார். கிளாரிஸ் வந்தாள், கிடார்க்காரன் வந்தான், மழைத்தண்ணீர் இறங்கின பின்சுவரைப் பார்த்து ஈரச்சுவர் என்று பேர் வைத்துக்கொண்டார்கள், அந்தச் சுவரும் அவருடையதுதான். மைக் சரிபார்க்க எல்லாரும் ஒன்னு ரெண்டு மூணு என்பார்கள். கலியவரதனுக்கு அது வராது. சின்ன வயதில் திருக்கனூர்ப் பக்கம் நெல் களத்தில் அளக்கிற இடத்தில் நின்று எண்ணியவர், அங்கே முதல் மரக்காலை ஒன்று என்று சொன்னால் அறை விழும், லாபம் என்றுதான் தொடங்க வேண்டும், லாபம், ரெண்டு, மூணு. அது நாக்கிலேயே தங்கிவிட்டது. கல்யாணத்தில் சிரித்தார்கள். ஒரு சாவு வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு லாபம் என்று குழாயில் முழங்கிவிட்டு, மச்சான்மார்கள் துரத்த, ஒயரைக்கூடச் சுருட்டாமல் ஓடியிருக்கிறார். எதுவார் கோடவுனில் அதைக் கேட்டுவிட்டான். சதுரத்துக்குள் பிடித்தான். மெதுவாக்கினான். லா… பம். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ எழுந்து வருகிற மாதிரி. கலியவரதன் அன்றைக்குச் சந்தோஷப்பட்டார், அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது, பல்லெல்லாம் தெரியச் சந்தோஷப்பட்டார், இன்னொரு தடவ போடு தம்பி என்று கேட்டு வாங்கிக் கேட்டார்.

கத்தி இடது கன்னத்தில் இறங்கியது. சர்ர். ஸ்பீக்கரில் தாளம் பிடித்துவிட்டது, டும், இடைவெளி, டும் டக், விசிறியின் டக் அதோடு சேரப் பார்த்துச் சேராமல் விலகியது, கத்தியும் தாளத்துக்கு நடுவில் எங்கேயோ இறங்கி ஏறியது, மூன்றும் மூன்று திசை, கலியவரதன் பல்லைக் கடித்தார். தாடைய விடுங்கண்ணே, இறுக்காதீங்க, என்றான் தெட்சணா. கிளாரிஸ் பாடினாள். வயதாகியிருந்தது குரலுக்கு. முன்பு புகை மாதிரி இருந்தது, இப்போது புகை அடங்கின அடுப்பு மாதிரி, உள்ளே எங்கேயோ சூடு. நன்றாக இருந்தது. நன்றாக இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. மட்டமாக இருந்திருந்தால் எழுந்து போயிருக்கலாம், த்தூ என்று ஒரு சொல், முடிந்தது. தனக்கோட்டி கொட்டாவி விட்டான். இன்னாப்பா இது, குழந்தைக்குப் பாடறாளா, பொணத்துக்குப் பாடறாளா, என்று கேட்டான். ரொசாரியோ கையை உயர்த்தி அடக்கினான், அப்புறம் தானே அடங்க முடியாமல், போனில் ஜனங்கள் எழுதுவதை வாசித்துச் சொன்னான். பாரீசிலிருந்து ஒருத்தர், சமையலறையில் நின்றுகொண்டே கேட்டேன், பால் பொங்கி வழிந்தது தெரியவில்லை என்கிறார். திருச்சியிலிருந்து ஒருத்தர், இவர்களுக்கு வயதாகிவிட்டது, வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்கிறார். இன்னொரு அம்மா, காலேஜ் ஹாஸ்டலில் இதே குரலைக் கேட்டபடி அழுத ஞாபகம், இப்போது என் மகள் அழுகிறாள் என்கிறாள். ஒரு ஆள் வெறுமனே, லாபம் எங்கே, என்று கேட்டிருக்கிறான். அதற்குக் கீழே நிறையப் பேர், ஆமாம் லாபம் எங்கே, லாபம் வரும், கடைசிப் பாட்டில் வரும், பொறு. கலியவரதனின் தொண்டைக் குழி ஏறி இறங்கியது. கத்தி சட்டென்று நின்றது. முழுங்காதீங்கண்ணே, சொல்லிட்டு முழுங்குங்க, என்றான் தெட்சணா.

லாபம் எங்கே என்று கேட்கிறார்கள். அவரைத்தான் கேட்கிறார்கள். அவர் இங்கே இருக்கிறார், நுரைக்குள், முத்தியால்பேட்டையில், வாயைத் திறக்க முடியாமல். அன்றைக்கும் இப்படித்தான், முதல் ஆல்பம் வந்தபோது, உப்பு வாடை என்று பேர், எதுவார் ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தான், பளபளவென்று அட்டை. வாங்கிப் புரட்டினார். அவர் படித்தது மூணாங்கிளாசு, எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் போவார், எதுவார் பேர் இருந்தது, கிளாரிஸ் பேர் இருந்தது, கிடார்க்காரனுக்கு ஒரு வரி, சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த அம்மாளுக்கு நன்றி என்று ஒரு வரி, தன் பேரைத் தேடி விரலைக் கீழே கீழே நகர்த்தினார், கடைசிக்கு முந்தின வரி. குரல், இரண்டு புள்ளி, ஊர். ஊர் என்பது இரண்டே எழுத்து, அவர் படிப்புக்கு அது தாராளம், கூட்டக்கூடத் தேவையில்லை, பார்த்ததுமே புரிந்துவிட்டது, புரியாமலே இருந்திருக்கலாம். ஊர் பேசியதாம். ஊருக்கு எங்கே தொண்டை இருக்கிறது. ஊர் வெற்றிலை போடுமா, ஊருக்குச் சளி பிடிக்குமா, ஊரா போய் அந்தச் சாவு வீட்டில் ஓடியது. கேட்டதற்கு எதுவார் சிரித்தான், அது மரியாதைங்க, உங்கள நாங்க ஒரு ஆளா பார்க்கல, ஒரு ஊரோட நெனைவா பார்க்கறோம், என்றான். ஒரு ஆளாப் பார்க்கவில்லை. அதை அவனே சொன்னான். அப்புறம் கண்ணாடிக்காரர் பேப்பரில் எழுதினார், அந்தக் குரல் லாபம் என்று ஏளனமாகத் தொடங்கி முதலாளிகளின் உலகத்தையே எண்ணிக் காட்டுகிறது என்று. மகள் வாசித்துக் காட்டினாள். கலியவரதன் சைக்கிளை மிதித்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனார், ஐயா அது நெல் எண்ணுற கணக்குங்க, முதலாளியும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, லாபம்னா ஒன்னு, அவ்வளவுதான், என்றார். கண்ணாடிக்காரர் பொறுமையாகக் கேட்டார், மோர்கூடக் கொடுத்தார், கொடுத்துவிட்டு, நீங்க என்ன நெனச்சு சொன்னீங்கங்கிறது இதுல முக்கியமில்லைங்க, என்றார். சொன்னவன் முக்கியமில்லை. சொன்னது மட்டும் வேண்டும். மோரைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார், அந்த மோரையும் அவர் மறக்கவில்லை.

பாட்டுகள் போய்க்கொண்டிருந்தன. தெட்சணா வலது பக்கத்துக்கு மாறினான், அவன் விரல்களில் படிகார வாசம். ஒவ்வொரு பாட்டும் தொடங்கும்போது கலியவரதனின் காது விறைத்தது, முடியும்போது தளர்ந்தது, தளர்கிற அந்த நேரத்தில் நிம்மதியா ஏமாற்றமா என்று அவருக்கே பிடிபடவில்லை. இல்லாமல் போனால் என்ன செய்வது. இத்தனை நாளும், திருடிவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார், சொல்வதற்கு அது ஒன்று இருந்தது, டீக்கடையில், மருமகனிடம், தனக்கோட்டியின் ஆட்டோவில். திருடியதை இனி வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போய்விட்டால். தேவையே இல்லாத குரலாகிவிட்டால். அது இன்னும் மோசம், பேர் போடாததைவிட மோசம், அப்படி ஒரு மோசம் இருக்கும் என்று இந்த நாற்காலியில் சாய்கிறவரை தெரியவில்லை. இருந்தால் மட்டும் என்ன. மறுபடியும் அந்த லாபத்தையே தூசு தட்டிப் போட்டிருப்பான், மறுபடியும் ஊர். இல்லாவிட்டால் ஒருவேளை, ஒரே ஒருவேளை, வயதாகிவிட்டதே அவனுக்கும், ஆஸ்பத்திரிக்கெல்லாம் போய்வந்தானாம், பேப்பரில் படம் போட்டிருந்தது, தாடியெல்லாம் வெள்ளை, ஒருவேளை ராத்திரியில் உட்கார்ந்து யோசித்திருப்பான், அந்த மைக் செட் ஆளுக்கு ஒரு பேர் இருந்ததே என்று. அப்படி யோசித்தால் எப்படிச் சொல்வான். கலியவரதன் என்பானா, கலியவரதன் அண்ணன் என்பானா. அவன் நாக்கில் ழ வராது, ஆனால் இந்தப் பேரில் ழ இல்லை, சொல்ல ஒரு கஷ்டமும் இல்லை. இன்னும் ஒன்னே ஒன்னுதான், கடைசி, என்றான் ரொசாரியோ, குரலைத் தாழ்த்தி, கோயிலில் கதவு திறக்கப் போகிற மாதிரி. தெட்சணா தலையை இன்னும் பின்னால் தள்ளி, தாடைக்குக் கீழே விரலை வைத்துத் தோலை இழுத்துப் பிடித்தான். இனி தொண்டை. அசையாதீங்கண்ணே.

காக்கை. முதலில் ஒரு காக்கை கத்தியது, ஒரே ஒரு தடவை. நாற்காலி தரையில் இழுபடும் சத்தம். கண்ணாடித் தம்ளரை யாரோ கல்மேடையில் வைத்தார்கள். இதெல்லாம் எங்கேயோ கேட்டது என்று கலியவரதனின் தோல் முதலில் சொன்னது, மனசு பின்னால் வந்தது. அப்புறம் ஒரு ஆள் பேசினான். பேசினான் என்றால் கத்தினான், ஆனால் கத்தலை மெதுவாக்கினால் அது வேறு ஏதோ ஆகிவிடுகிறது, மாடு அம்மா என்பதற்கும் மனுஷன் பிரார்த்தனைக்கும் நடுவில் ஏதோ. எம்… பேரு… எங்க. தாளம் இறங்கியது. எம்பேரச் சொல்லு. கிளாரிஸ் சொல்லில்லாமல் அதைச் சுற்றி முனகினாள். எம்பேரச் சொல்லு. எம்பேரச் சொல்லு. அது தான்தான் என்று கலியவரதனுக்குத் தெரிந்தபோது கத்தி தொண்டைக் குழிக்கு நேர் மேலே இருந்தது, அவரால் மூச்சைக்கூட முழுதாக இழுக்க முடியவில்லை. எதுவார் வீட்டு மாடி. கடலைப் பார்த்த வராந்தா. குரல் ஊர் என்று போட்டதற்கு நியாயம் கேட்கப் போன நாள், கிளாரிஸ் ஏதோ குடித்துக்கொண்டிருந்தாள், சிரித்தாள், கிடார்க்காரன் எழுந்து உள்ளே போனான், நாற்காலியை இழுத்துக்கொண்டு. மேஜை மேலே அந்தப் பெட்டி இருந்தது. அதில் சிவப்பாக ஒரு பொட்டு விளக்கு எரிந்தது, பார்த்தார், பார்த்தும் அது என்னவென்று அன்றைக்கு நினைக்கவில்லை, கோபத்தில் எவன் விளக்கைப் பார்ப்பான். ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் கத்தக் கத்த அது வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. இத்தனை வருஷமும் எதுவார் அதைப் பெட்டிக்குள் வைத்திருந்திருக்கிறான். மறக்கவில்லை அவன். மறந்திருப்பான் என்று நினைத்ததுதான் தப்பு, அவன் மறக்கவே இல்லை, எடுத்து எடுத்துக் கேட்டிருக்கிறான், எந்த இடத்தில் தாளம் விழ வேண்டும் என்று பார்த்திருக்கிறான்.

இன்னும் இருந்தது. தாளம் ஒரு திருப்பத்துக்கு வந்து, எல்லாச் சத்தமும் ஒதுங்கி, அவருடைய குரல் மட்டும் தனியாக நின்றது. அடுத்து என்ன சொன்னோம் என்று கலியவரதனுக்குத் தெரியும், சொன்ன வாய் மறக்குமா, கலியவரதன்னு போடறதுக்கு உனக்குக் கை வலிக்குதாடா, அதுதான் சொன்னது, அப்படியானால் வரப்போகிறது, பேர் வரப்போகிறது, அவன் சொல்லாவிட்டாலும் தானே சொன்னது இருக்கிறதே, இந்த ஸ்பீக்கரில், பாரீசில், திருச்சியில், பால் பொங்கிய சமையலறையில், இதோ. வரவில்லை. அந்த இடத்தில் வெட்டியிருந்தான். பேர் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லாத ஒரு குழி, ஊசியின் சரசரப்புகூட இல்லை, அந்தக் குழிக்கு அப்புறம், ன்னு போடறதுக்கு உனக்குக் கை வலிக்குதாடா, என்று குரல் வந்தது, அதன் தலை மேலேயே மத்தளம் பத்து வண்டி நெல்லைக் கொட்டியது மாதிரி விழுந்தது. ரொசாரியோ பெஞ்சில் முன்னும் பின்னும் ஆடினான். தனக்கோட்டி பேப்பரைத் தாழ்த்திவிட்டான். அந்த கேப்புதான்ண்ணா, என்றான் ரொசாரியோ, கண் கலங்கியிருந்தது அவனுக்கு, அந்த கேப்புதான் எல்லாமே, அதுல யார் பேர வேணா வச்சுக்கலாம், எங்கப்பா பேர வச்சுக்கலாம், என் பேர வச்சுக்கலாம். தனக்கோட்டியும், ஆமாம்பா, இது கொஞ்சம் இன்னாமோ பண்ணுது, என்றான். குழியில் எல்லாரும் தங்கள் பேரை வைத்துக்கொள்கிறார்கள். கலியவரதனுடையதை எடுத்துவிட்டு. கழுத்து நரம்பு துடிப்பது கத்திக்குத் தெரிந்திருக்கும், தெட்சணா மெதுவாக, மிக மெதுவாக, கீழிருந்து மேலே ஒரு இழுப்பு இழுத்தான்.

யார் இந்த ஆள், கம்ப்யூட்டர்ல செஞ்சதா, என்று தனக்கோட்டி கேட்டான். ரொசாரியோ சொன்னான், காலையில் ரேடியோவில் எதுவாரிடம் இதையேதான் கேட்டார்களாம். நிஜ ஆள்தானாம். அவர் பேர் என்ன என்று கேட்டதற்கு எதுவார் ஒரு பதில் சொன்னானாம். ரொசாரியோ அதை எதுவார் மாதிரியே, பாதித் தமிழில், நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் காட்டினான்.

“எனக்குத் தெரியும் அந்தப் பேர். தினம் தெரியும். ஆனா சொல்லிட்டா பாட்டு செத்துடும்.”

என்னா வார்த்த பாருங்கண்ணா, என்றான் ரொசாரியோ. கத்தி தொண்டையில் இருந்தபடியே நின்றது, அழுத்தவும் இல்லை, விலகவும் இல்லை, விசிறி டக் டக் என்றது, கலியவரதன் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். தெரியும் என்கிறான். தினம் தெரியும் என்கிறான். தெரியாதவனை மன்னிக்க ஒரு வழி உண்டு, மறந்தவனை உலுக்கி ஞாபகப்படுத்தலாம், தெரிந்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறவனை, மூடிக்கொள்வதற்கே கைதட்டல் வாங்குகிறவனை என்ன செய்வது. பாட்டு செத்துவிடுமாம். சாகட்டுமே. ஒரு மனுஷன் உயிரோடு இருக்கிறானே. ஸ்பீக்கரில் பாட்டு அடங்கிக்கொண்டே வந்தது, எம்பேரச் சொல்லு, கொஞ்சம் தள்ளி எம்பேரச் சொல்லு, தெருமுனையில் யாரோ நடந்தபடி சொல்வது மாதிரி எம்பேரச் சொல்லு, கடைசியில் ஒரு இருமல், வறட்டு இருமல், கத்திக் கத்தித் தொண்டை கட்டினவன் இருமுவது. அதையும் விடவில்லை.

தெட்சணா கத்தியை எடுத்தான். கலியவரதனின் தலைக்கு மேலே அவன் முகம் தலைகீழாக வந்தது. இந்த இருமலை அவன் இதே நாற்காலியில் எத்தனையோ வருஷமாகக் கேட்டிருக்கிறான், இருமல் வரும்போதெல்லாம் கத்தியை எடுக்கிறவன் அவன்தானே, அது எப்படித் தொடங்கும் எங்கே உடையும் என்று அவனுக்குத் தெரியும்.

“அண்ணே,” என்றான். “இது நீங்கதானே.”

பெஞ்சில் ரொசாரியோ எழுந்துவிட்டான். தனக்கோட்டி, யாரு, நம்ம மைக்செட்டா, என்று சிரிக்கத் தொடங்கி, தெட்சணாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். இத்தனை வருஷமாக அந்த லாபம் என்னுது என்று இவர் சொல்லச் சொல்ல, இந்த ஆளுக்கு லாபம் என்றே பட்டப்பேர் வைத்துக் கேலி செய்தவர்கள், ஒருவனும் நம்பாதவர்கள், இப்போது ஒரு இருமலில் நம்பிவிட்டார்கள். தெட்சணா நாற்காலியை நிமிர்த்தினான். கண்ணாடி திரும்ப வந்தது, அதில் ஒரு கிழவர், கன்னம் இரண்டும் சுத்தமாக, மோவாயில் இன்னும் நுரை, பின்னால் மூன்று பேர். ரொசாரியோவின் கையில் போன் உயர்ந்திருந்தது, அதன் பின்பக்கத்துக் கண் அவரைப் பார்த்தது. அவன் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை அதில், ஆசை, நிஜமான ஆசை.

“ஐயா, ஒரே ஒரு தடவ. அதே மாதிரி, எம்பேரச் சொல்லுன்னு சொல்லுங்க. கூடவே பேரையும் சொல்லிடுங்க. சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.”

சொல்லலாம். வாய் திறந்துவிட்டது, கண்ணாடியில் தெரிந்தது, நுரைக்கு நடுவில் இருட்டாக ஒரு வாய். சாயங்காலத்துக்குள். பாரீசுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும், கண்ணாடிக்காரர் இருந்தால் அவருக்கும். கலியவரதன் என்று தானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான், அந்தக் குழியில் தானே போய் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான், இந்தப் பையன் தன் அப்பா பேரை வைத்த இடத்தில். சொல்ல நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. எம் என்று உதடு சேர்ந்தது. சேர்ந்த இடத்திலேயே அவருக்குக் கேட்டுவிட்டது, அதற்கு அப்புறம் வரப்போகும் தாளம், டும், இடைவெளி, டும் டக். இவர் நியாயம் கேட்டால் அது பாட்டு. இனி எப்போது கேட்டாலும், யாரிடம் கேட்டாலும், எதுவார் வீட்டு மாடியிலேயே போய் நின்று கேட்டாலும், அது எதுவாரின் பாட்டுத்தான், கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள், கண் கலங்குவார்கள், இன்னொரு தடவ என்பார்கள். பேரை எடுத்ததோடு நிற்கவில்லை அவன். கேட்கிறதையும் எடுத்துக்கொண்டான். இவரே தன் பேரைச் சொன்னாலோ, எதுவாருக்கு வேலை மிச்சம், பாருங்கள் அவரே சொல்லிவிட்டார் என்று ரேடியோவில் இன்னொரு வார்த்தை சொல்லுவான், அதற்கும் ஒரு பையன் கண் கலங்குவான். கொடுக்க வேண்டியவன் அவன். இந்தப் பையன் ஏன் அவனுக்குப் பதிலாகக் கொடுக்க வேண்டும், தெட்சணா ஏன் கொடுக்க வேண்டும், நல்ல மனசோடு கொடுத்தாலும் அது அவன் கொடுத்ததாகுமா. கலியவரதன் உதட்டைப் பிரித்தார்.

“நான் இல்ல,” என்றார்.

ரொசாரியோவின் கை இறங்கியது. தனக்கோட்டிதான் விடவில்லை, அப்ப இத்தினி வருஷமா நான்தான் நான்தான்னு ஆட்டோவுல வந்து உசுர வாங்கினது யாரு, உம் ஆவியா, என்று கேட்டான். அது வேற, என்றார் கலியவரதன். தெட்சணா அவரைக் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்குத் தெரியும், தெரிந்ததை வாயால் சொல்லாமல் இருக்கவும் அவனுக்குத் தெரியும், அந்த விதத்தில் அவனும் எதுவார் மாதிரிதான் என்று ஒரு நினைப்பு குத்தியது, இல்லை, இவன் வேறு, இவனை அந்த வரிசையில் சேர்க்க வேண்டாம். மோவாய்ல பாதி நிக்குது தெட்சணா, முடிச்சு விடு, என்றார். நாற்காலி மறுபடி சாய்ந்தது. யாரும் கேட்காமலே ரொசாரியோ அந்தக் கடைசிப் பாட்டை மறுபடி தொடக்கத்திலிருந்து போட்டான், காக்கை கத்தியது, கத்தி மோவாயைத் தொட்டது, ஸ்பீக்கரில் அந்த ஆள் எம்பேரச் சொல்லு எம்பேரச் சொல்லு என்று ஆரம்பித்தான், நாற்காலியில் கிடந்தவர் உதட்டை இறுக மூடிக்கொண்டார். கடற்கரைக்கு இங்கிருந்து நடந்தே போகலாம். எதுவார் உயிரோடு இருக்கிறான், நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது அவனுக்கு, காலையில் ரேடியோவில் பேசியிருக்கிறான். அவன் சொல்ல வேண்டியது ஏழே எழுத்து. அதில் ஒன்றுகூட இன்னும் வந்து சேரவில்லை.